மலைநாட்டில் கல்வித் தொண்டு: வந்தவர்களும் நின்றவர்களும்

கண்டி மாநகருக்கு வருவோர் தலதா மாளிகையையும் வாவியையும் பேராதனைப் பூங்காவையும் கண்டு களிக்கின்றனர். கட்டுக்கலைச் செல்வ விநாயகரைத் தொழுது செல்வோரும் பலர். ஆயின், நகரைச் சூழ்ந்து நிற்கும் மலைகளின் மடிப்புகளிலே, தேயிலைச் செடிகளுக்கு நடுவே, தகரக் கூரையுடன் நிற்கும் சிறு கட்டிடம் ஒன்றைக் கூர்ந்து நோக்குவோர் மிகச் சிலரே. அதுவே தோட்டப் பாடசாலை. ஹந்தானையிலும் கலஹாவிலும் தெல்தோட்டையிலும் புசல்லாவையிலும் மடுல்கலையிலும் ரங்கலையிலும் இத்தகைய பாடசாலைகள் உள்ளன. அவற்றின் சரித்திரம் நம்மில் பலர் அறியாதது. அறிந்தால் நமக்கு நாணமும் ஊக்கமும் ஒருங்கே தரக்கூடியது.

அந்தச் சரித்திரத்தில் ஓர் உண்மை மீண்டும் மீண்டும் தலைகாட்டுகிறது. மலைநாட்டுக் குழந்தைகளுக்கு எழுத்தறிவிக்க வந்தவர்களுள் பெரும்பாலோர் வெளியிலிருந்து வந்தவர்கள். கடல் கடந்து வந்தவர்களும் பலர். அவர்கள் செய்த நன்மை சிறிதன்று. எனினும், வந்தவர்கள் போன பின் நிலைத்து நின்றது எது என்று ஆராய்ந்தால், அந்த மண்ணிலேயே பிறந்து அங்கேயே ஆசிரியரானவர்களின் பணியே பெரிதும் நிலைத்தது என்பது புலனாகும். இக்கட்டுரையில் நான் கூற விழைவது இதுவே.

கோப்பிக் காலமும் கங்காணியின் பள்ளியும்

1824ஆம் ஆண்டளவில் கம்பளைக்கு அருகேயுள்ள சின்னப்பிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் என்பவர் கோப்பித் தோட்டம் ஒன்றை அமைத்தார். அக்காலத் தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் பேராதனையை அடுத்த கன்னொறுவையில் தாமும் கோப்பி பயிரிட்டார். இத்தோட்டங்களில் வேலை செய்யத் தமிழகத்திலிருந்து ஏழை மக்கள் அழைத்து வரப்பட்டனர். இராமேசுவரத்திலிருந்து தோணியேறி, மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை கால்நடையாக வந்தனர். வழியில் நோயாலும் பசியாலும் மாண்டவர் தொகை பெரிது. 2023ஆம் ஆண்டில் மலையக மக்களின் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைப் பயணம் நிகழ்ந்தது. அது இம்முன்னோரின் பாதையையே பின்பற்றியது.

கோப்பிக் காலத்தில் பாடசாலையைப் பற்றி எவரும் பெரிதாக நினைக்கவில்லை. அதற்குக் காரணம் உண்டு. கோப்பிப் பழம் பறிப்பது ஒரு பருவத்துக்குரிய வேலை. பருவம் முடிந்ததும் வந்தவர்களில் பலர் ஊருக்குத் திரும்பினர். எனவே மலையில் குழந்தைகள் குறைவு. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் தெல்தோட்டைப் பகுதியிலுள்ள லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1869 முதல் கோப்பிச் செடிகளை இலை நோய் தாக்கியது. சில ஆண்டுகளில் கோப்பி அழிந்து தேயிலை அரியணை ஏறியது. தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க ஆள் வேண்டும். ஆகவே குடும்பம் குடும்பமாக மக்கள் லயங்களில் குடியேறினர். மலையிலே பிறந்து மலையிலே வளரும் ஒரு தலைமுறை தோன்றியது. அக்குழந்தைகளுக்கு யார் கற்பிப்பது என்னும் கேள்வியும் அப்போதே உடன் பிறந்தது.

முதலில் விடை அளித்தது லயமே. எழுத்தறிந்த ஒருவர் எந்தத் தோட்டத்திலும் தேவைப்பட்டார். ஊருக்குக் கடிதம் எழுதவும், கங்காணியின் கணக்கைப் படிக்கவும், காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் முதலிய கூத்துகளின் பாட்டுகளைச் சொல்லிக் கொடுக்கவும் அவர் வேண்டியிருந்தார். இத்தகையோர் லயத்துத் திண்ணையிலே சில பிள்ளைகளை உட்கார வைத்து அரிச்சுவடி கற்பித்தனர். இவற்றை லயப் பள்ளிகள் என்பர். அவற்றுக்கு மேசை இல்லை, வாங்கு இல்லை, உரிய வேதனமும் இல்லை. ஆயினும் மலைநாட்டுக் கல்வியின் வித்து அங்கேதான் விழுந்தது.

பாதிரிமாரின் பணி

1854ஆம் ஆண்டு கண்டிப் பகுதித் தோட்டத்துரைமார் சிலரின் ஆதரவுடன் இங்கிலாந்துத் திருச்சபையின் மிஷன் ஒன்று தோட்டத் தொழிலாளர் மத்தியில் பணி தொடங்கியது. அதற்குச் சூட்டப்பட்ட பெயரே ‘தமிழ்க் கூலி மிஷன்’ என்பதாகும். அப்பெயரைக் கேட்கும்போது இன்று நம் நெஞ்சு குறுகுகிறது. மனிதரை அவர் செய்யும் வேலையின் கீழ்மைப் பெயரால் அழைத்த காலம் அது. ஆனால் அம்மிஷனின் அன்றாடப் பணியைச் செய்தவர் யாவர் என்று பார்க்கவேண்டும். வெள்ளைக்காரப் பாதிரிமார் ஒரு சிலரே. மலையேறிச் சென்று தோட்டந்தோறும் நடந்து கற்பித்தவர்கள் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தமிழ் உபதேசியார்கள். அவர்களும் கடல் கடந்து வந்தவர்களே; கூலியாக அன்றி ஆசிரியராக வந்தவர்கள்.

பகலில் பிள்ளைகளும் மலைக்கு வேலைக்குச் சென்றமையால், பல இடங்களில் இராப் பள்ளிக்கூடங்களே நடந்தன. நாள் முழுதும் வேலை செய்த சிறுவன் விளக்கொளியில் உறக்கத்தோடு போராடி எழுத்துக் கூட்டிப் படிப்பதை எண்ணிப் பாருங்கள். அவனை விழித்திருக்கச் செய்யும் ஆசிரியருக்கு எவ்வளவு பொறுமை வேண்டியிருந்திருக்கும்!

மதமாற்றமே அவர்கள் நோக்கம் என்று நம்மவர் கூறுவர். அது அவர்கள் நோக்கங்களுள் ஒன்று என்பதை மறுப்பதற்கில்லை. அவர்களே அதை மறைத்ததில்லை. ஆனால் நோக்கம் எதுவாயினும், நாம் போகாத இடத்துக்கு அவர்கள் போனார்கள் என்பதையும் மறுப்பதற்கில்லை. மிஷன் பாடசாலையில் கற்ற இந்து மாணவன் என்ற முறையில் இதைக் கூறும் கடமை எனக்கு உண்டு. விபூதி அணிந்து வகுப்பில் அமர்ந்த எங்களுக்குக் கணக்கும் ஆங்கிலமும் கற்பித்தவர்களுக்கு நன்றி பாராட்டுவது நம் சமயத்துக்கு விரோதமன்று. நன்றி மறவாமையே நம் சமயம் போற்றும் அறம்.

கண்டி திரித்துவக் கல்லூரியில் 1904 முதல் 1924 வரை அதிபராயிருந்த ஏ. ஜி. பிரேசர் என்பவரை ஈண்டு நினைவுகூரலாம். ஆங்கிலம் ஒன்றே கல்வி எனக் கருதப்பட்ட காலத்தில், மாணவர் தம் தாய்மொழியைக் கற்றே ஆகவேண்டும் என வற்புறுத்தியவர் அவர். செல்வர் வீட்டுப் பிள்ளைகளை நகரின் ஏழைக் குடியிருப்புகளுக்கு அனுப்பிச் சமூக சேவை செய்யப் பழக்கினார். தோட்டப் பகுதியிலிருந்து வந்த பெரி சுந்தரம் கற்றதும் அக்கல்லூரியிலேதான். அவர் கேம்பிரிட்ஜ் சென்று பாரிஸ்டராகி, தொழிலாளர் நலனுக்காக உழைத்து, 1931இல் அரசாங்க சபைக்குத் தெரிவாகி அமைச்சரானார். கல்வி கிடைத்தால் தோட்டத்துப் பிள்ளை எவ்வளவு உயரலாம் என்பதற்கு அவர் சான்று. அவ்வாறு உயர்ந்தவர் சிலரே என்பது, கல்வி கிடையாத ஆயிரமாயிரம் பிள்ளைகளுக்குச் சான்று.

சட்டம் வந்தது; பிள்ளை வரவில்லை

1907ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கக் கிராமப் பாடசாலைச் சட்டம், தோட்டத்திலுள்ள 6 வயது முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் கடமையைத் தோட்டத்துரையின் மேல் சுமத்தியது. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் அதனை மேலும் வலியுறுத்தியது. பாடசாலைகளின் தொகை பெருகியது. ஆனால் தோட்டத்துரைக்குக் கல்வியால் ஆதாயம் இல்லை, கொழுந்தாலேயே ஆதாயம். பத்து வயதானதும் பிள்ளையின் பெயர் செக்ரோலில் ஏறிவிடும். அதற்கு முன்பும், தாய் கொழுந்தெடுக்கச் செல்லும்போது பிள்ளைக்காம்பராவில் விட முடியாத கைக்குழந்தையைக் காவல் காப்பதற்காக மூத்த பெண்பிள்ளை வீட்டிலே நிறுத்தப்படுவாள். ஓர் அறை, ஓர் ஆசிரியர், ஐந்து வகுப்புகள் என்பதே தோட்டப் பாடசாலையின் இலக்கணமாயிற்று. அவ்வாசிரியரே சில இடங்களில் தோட்டத்து அலுவலகத்துக்கும் எழுத்து வேலை செய்து கொடுத்தார்.

1945இல் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நாடெங்கும் வந்தது. கிராமத்துச் சிங்களப் பிள்ளையும் யாழ்ப்பாணத்துத் தமிழ்ப் பிள்ளையும் மத்திய பாடசாலை வழியே மேற்கல்விக்கு ஏறினர். தோட்டத்துப் பிள்ளையோ ஐந்தாம் வகுப்போடு நின்றது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அதன் பெற்றோரை நாடற்றவராக்கியது. மறு ஆண்டில் வாக்குரிமையும் பறிபோயிற்று. வாக்கில்லாத மக்களின் பாடசாலைக்காக வாதாட எந்த அரசியல்வாதிக்கு அக்கறை இருக்கும்? 1960, 1961ஆம் ஆண்டுகளில் அரசாங்கம் உதவி பெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் விடுபட்டன. 1952இலேயே பேராதனையில் பல்கலைக்கழகம் எழுந்தது. அதன் பின்னணியில் நிற்பது ஹந்தானை மலை; அம்மலையிலே தோட்டம். இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் சில மைல்களே. அச்சில மைல்களைக் கடக்கத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தலைமுறைகள் வேண்டியிருந்தன.

நம்மவர் செய்தது என்ன?

நிற்க, இக்காலமெல்லாம் இந்துக்களாகிய நாம் என்ன செய்தோம் என்பதையும் ஆராயவேண்டும். வடக்கிலே ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் கற்று, அங்கேயே ஆசிரியராகவும் இருந்து, பாதிரிமாரின் முறைகளை நன்கறிந்தார். பின்னர் அவர் வெறும் கண்டனத்தோடு நிற்கவில்லை. 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். கிழக்கிலே சுவாமி விபுலானந்தர், மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியில் கற்றவர், இராமகிருஷ்ண மிஷனில் சேர்ந்து ஏழைப் பிள்ளைகளுக்காகப் பாடசாலைகளை நடத்தினார். இருவரும் பிற சமயத்தாரின் பள்ளியில் கற்றதைத் தம் மக்களுக்குத் திருப்பிக் கொடுத்தவர்கள்.

மலைநாட்டில் இத்தகைய முயற்சிகள் குறைவாகவே இருந்தன. லயந்தோறும் மாரியம்மனுக்குக் கோயில் எழுந்தது, தேர் ஓடியது, அது மக்கள் தம் வியர்வைக் காசால் செய்தது. நகரத்து வர்த்தகரும் கோயில்களுக்கு வாரி வழங்கினர். பாடசாலைக்கு அவ்வாறு வழங்கிய கைகள் சிலவே. அச்சிலருள் முதன்மையானவர் க. இராஜலிங்கம். மலையக காந்தி என மக்கள் அழைத்த அவர், புசல்லாவையில் சரஸ்வதி வித்தியாலயம் தோன்றக் காரணமாயிருந்தார். 1947இல் நாவலப்பிட்டித் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராகவும் தெரிவானார். பதவி சில ஆண்டுகளில் முடிந்தது. சரஸ்வதி வித்தியாலயம் இன்றும் நிற்கிறது. எது நிலைக்கும் என்பதற்கு வேறு உதாரணம் வேண்டுமோ?

கடல் கடந்து வந்த தொண்டர்கள்

உலகப் போருக்குப் பின் செல்வ நாட்டு இளைஞர் ஏழை நாடுகளுக்குச் சென்று ஓரிரு ஆண்டுகள் கற்பிக்கும் வழக்கம் பரவியது. 1958இல் பிரித்தானியாவிலே அத்தகைய தொண்டர் இயக்கம் ஒன்று தொடங்கியது. 1961இல் அமெரிக்க ஜனாதிபதி கென்னடி சமாதானப் படையை நிறுவினார். அதன் முதற் குழு 1962இல் இலங்கைக்கு வந்தது. அவ்விளைஞர்களின் மனம் நல்லது. ஆயினும் இத்தொண்டுக்கு இயல்பாகவே ஒரு குறை உண்டு. வந்தவர் ஊரின் மொழியையும் வழக்கத்தையும் அறிந்துகொள்ளவே ஓராண்டு செல்லும். நன்றாகக் கற்பிக்கத் தொடங்கும்போது திரும்பிச் செல்லும் நாள் வந்துவிடும். அடுத்தவர் மீண்டும் முதலிலிருந்து தொடங்குவார். பிள்ளைகளோ ஒவ்வொரு முறையும் ஒருவரிடம் அன்பு கொண்டு ஒவ்வொரு முறையும் பிரிவார்கள்.

கண்டியிலேயே வேறொரு வகைத் தொண்டும் நிகழ்ந்தது. 1972இல் இயேசு சபைத் துறவியான போல் கஸ்பர்ஸ் அடிகள் சத்யோதய நிலையத்தை இங்கு நிறுவினார். சிங்களரும் தமிழரும் முஸ்லிம்களும் ஒன்றாக வாழ்ந்து, தோட்ட மக்களின் உரிமைக்காகவும் இன ஒற்றுமைக்காகவும் உழைக்கும் இடமாக அது அமைந்தது. அடிகள் இந்நாட்டவர், 2017இல் மறையும் வரை இப்பணியை விடவில்லை. இரண்டு ஆண்டுத் தொண்டுக்கும் வாழ்நாள் தொண்டுக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. அதன் பின்னரே, 1970களின் பிற்பகுதி முதல், தோட்டப் பாடசாலைகள் சிறிது சிறிதாக அரசாங்கத்தின் கைக்கு வந்தன. அதற்குள் 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலட்சக்கணக்கானோர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டிருந்தனர். 1977, 1983ஆம் ஆண்டுகளின் இனக் கலவரங்கள் மேலும் பலரை விரட்டின. படித்தவர் பலரும் கப்பலேறியதால் பாடசாலைகள் ஆசிரியரை இழந்தன.

இந்நிலையில் 1980களின் நடுப்பகுதியிலிருந்து சுவீடன் நாட்டு அரசின் உதவி கிடைத்தது. அவ்வுதவியால் கட்டிடங்கள் எழுந்தன. அதனினும் பெரிய காரியம் ஒன்று அக்காலத்தில் நிகழ்ந்தது: தோட்டங்களிலேயே பிறந்து வளர்ந்த இளைஞர்களும் யுவதிகளும் ஆசிரியராக நியமிக்கப்பட்டு, வேலையில் இருந்துகொண்டே பயிற்சியும் பெற்றனர். பின்னர் ஜெர்மனியின் துணையுடன் கொட்டகலையை அடுத்த பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்தது. தன் மாணவனின் தாய் எந்த மலையில் கொழுந்தெடுக்கிறாள், அவன் ஏன் திங்கட்கிழமை வரவில்லை என்பதை விசாரிக்காமலே அறிந்த ஆசிரியர்கள் அப்போதுதான் பெருந்தொகையாக வகுப்பறைக்குள் வந்தனர். மலைநாட்டிலிருந்து பல்கலைக்கழகம் செல்வோர் தொகை பிற்காலத்தில் உயர்ந்ததற்கு இவர்களே பெருங்காரணம் என்பேன். கடல் கடந்து வந்த உதவிகளில் இதுவே சிறந்தது. ஏனெனில் அது தன்னைத் தேவையற்றதாக்கிக்கொள்ளும் வழியைத் தேடியது.

தொண்டு என்னும் பெயரால்

இன்று மலைநாட்டில் சுமார் 800 தமிழ்ப் பாடசாலைகள் இயங்குகின்றன. ஆரம்ப வகுப்புகள் ஓரளவு சீர்பெற்றுள்ளன. கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் ஆகிய பாடங்களுக்கே ஆசிரியர் பஞ்சம். உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு கற்கவேண்டுமாயின் பல மைல் தூரம் பயணம் செய்து நகரத்துக்கு வரவேண்டும். 2020, 2021ஆம் ஆண்டுகளில் கொரோனாத் தொற்றால் பாடசாலைகள் மூடப்பட்டு வகுப்புகள் கைத்தொலைபேசிக்கு மாறியபோது, அலைத்தொடர்பு தேடி மலையுச்சிக்கு ஏறிய பிள்ளைகளை நாடே கண்டது. ஏறுவதற்குக் கருவியும் இல்லாத பிள்ளைகளை எவரும் காணவில்லை.

ஈண்டு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். ‘தொண்டர் ஆசிரியர்’ என்னும் சொல் நம் நாட்டில் வேறொரு பொருளும் பெற்றுள்ளது. என்றோ ஒரு நாள் நிரந்தர நியமனம் வரும் என்ற நம்பிக்கையில், வேதனமின்றி ஆண்டுக் கணக்காகக் கற்பிக்கும் ஏழை இளைஞரையும் அப்பெயரால் அழைக்கிறோம். 2014, 2015ஆம் ஆண்டுகளில் மலைநாட்டுப் பாடசாலைகளுக்கு 3,000க்கு மேற்பட்ட ஆசிரிய உதவியாளர்களைச் சேர்க்கும் திட்டம் வந்தபோது, அவர்களுக்கு மாதக் கொடுப்பனவாக 6,000 ரூபாயே வழங்கப்பட்டது. போராட்டத்தின் பின் அது 10,000 ரூபாயாயிற்று. தொண்டு என்பது கொடுப்பவன் மனமுவந்து கொடுப்பது. இல்லாதவனிடமிருந்து பறிப்பதற்குத் தொண்டு என்று பெயரிடுவது அச்சொல்லுக்கே இழுக்கு. ஆசிரியருக்கு உரிய வேதனம் அளிப்பது அரசாங்கத்தின் கடன். நம் தொண்டு அக்கடனுக்குப் பதிலாகிவிடக் கூடாது.

நாம் செய்யத்தக்கது

அவ்வாறாயின் நகரத்து இந்து இளைஞர்களாகிய நாம் செய்யத்தக்கது யாது? ஆண்டுக்கொருமுறை வாகனத்தில் சென்று, கொப்பிகளும் பென்சில்களும் பகிர்ந்தளித்து, படம் எடுத்துக்கொண்டு திரும்புவது கல்வித் தொண்டாகாது. அதனால் பிள்ளைக்கு ஒரு நாள் மகிழ்ச்சி உண்டு. மறுநாள் கணக்குப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை என்ற நிலை மாறுவதில்லை.

சரித்திரம் நமக்குக் காட்டும் வழி மூன்று. முதலாவது, பல இடங்களுக்கு ஓடாமல் ஒரு பாடசாலையைத் தேர்ந்து, அதிபரிடமும் ஆசிரியரிடமும் கேட்டு, அவர்கள் வேண்டும் பாடத்தை, வாரந்தோறும் ஒரே நாளில், ஓராண்டு முழுதும் தவறாது கற்பித்தல். சாதாரண தர வகுப்பில் கணிதம் தவறிப் படிப்பை விடும் பிள்ளைகளே அதிகம், அங்கிருந்தே தொடங்கலாம். இரண்டாவது, ஒருவர் விலகினால் அவ்விடத்துக்கு மற்றொருவர் வரும்படி மன்றமே பொறுப்பேற்றல். பிள்ளை தனிமனிதரை நம்பாமல் நம் சொல்லை நம்பட்டும். மூன்றாவது, இதுவே தலையாயது: கற்பிக்கும் ஆர்வமுள்ள தோட்டத்து இளைஞர் ஒருவரையேனும் கண்டறிந்து, அவர் உயர்தரம் தேறிக் கல்வியியற் கல்லூரிக்கோ பல்கலைக்கழகத்துக்கோ செல்லும் வரை துணை நிற்றல். அவர் ஆசிரியராகித் தம் மலைக்கே திரும்பும் நாளில் நம் தொண்டு முடிந்ததாகக் கொள்ளலாம்.

மிஷன் பாடசாலையில் கற்ற நாவலர் வண்ணார்பண்ணைக்குச் செய்ததையும், விபுலானந்தர் கிழக்குக்குச் செய்ததையும், இராஜலிங்கம் புசல்லாவைக்குச் செய்ததையும் நாம் விழாமேடைகளில் போற்றுகிறோம். போற்றுதற்குரியவர்களே. ஆனால் அவர்களைப் போற்றும் மண்டபத்திலிருந்து ஹந்தானைக்கு வெகுதூரம் இல்லை. ஏறிச் செல்லும் பாதையும் அடைபட்டிருக்கவில்லை. எல்லாம் வல்ல முருகப்பெருமான் குறிஞ்சி நிலத்துக்குரிய தெய்வம் என்பர். அக்குறிஞ்சியில் வாழும் குழந்தைகளுக்கு எழுத்தறிவிப்பதே அவனுக்கு நாம் ஆற்றத்தக்க சிறந்த வழிபாடாகும். இம்மலரைக் கையில் ஏந்தும் இளைஞர்களுள் சிலரேனும் அவ்வழிபாட்டுக்கு எழுந்தால், நம் மன்றத்தின் பணி மலைமேல் இட்ட விளக்காய்ப் பொலியும்.